புது அலமாரியின் வாசனையும் மகளின் இருமலும்: உள்பலகையை எதை வைத்து மூடுவது?

கேள்வி: வடவள்ளிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். கோவை வடவள்ளியில் அடுக்குமாடியில் இரண்டாவது தளம். சித்திரையில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். மர வேலை முழுவதும் கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய மூன்று வாரத்தில் முடிந்தது. கடைசி மைக்கா ஒட்டியபோது ஐயர் வந்துவிட்டார், அவ்வளவு அவசரம்.

மகளுக்கு ஏழு வயது. குடிவந்த இரண்டாவது வாரம் வறட்டு இருமல் பிடித்தது. பகலில் ஓடியாடும்போது அவ்வளவாக இல்லை, படுத்தால் ஆரம்பித்துவிடும். விடியற்காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் எழுகிறாள். மருத்துவர் முதலில் இருமல் மருந்து கொடுத்தார், அப்புறம் தூசி அலர்ஜி என்று ஒரு மாத்திரை. தலையணை உறைகளை வெந்நீரில் அலசினேன், பொம்மைகளை மூட்டை கட்டி வெளியே வைத்தேன், மின்விசிறி இறக்கையை வாராவாரம் துடைத்தேன். எதுவும் மாறவில்லை.

ஆடிப்பெருக்குக்குப் பொள்ளாச்சியில் அம்மா வீட்டுக்குப் போய் ஐந்து நாள் இருந்தோம். அது பழைய ஓட்டு வீடு, எங்கள் வீட்டை விடப் பத்து மடங்கு தூசி. மூன்றாவது நாள் இரவு அவள் ஒரு தடவைகூட இருமவில்லை. நான்தான் தூங்காமல் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஊர் திரும்பிய இரண்டாம் நாள் ராத்திரி மறுபடியும் இருமல்.

அதன் பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. பள்ளிச் சீருடையை இஸ்திரி போட அலமாரியிலிருந்து எடுத்து முகத்துக்கு அருகில் கொண்டுபோனேன். வெங்காயம் நறுக்கும்போது எரிவது போலக் கண் எரிந்தது. அலமாரிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டால் தொண்டை வரைக்கும் காறுகிறது. வெளியே பளபளவென்று மைக்கா, உள்ளே எதுவும் ஒட்டாத வெறும் பலகை. வேலை செய்தவரிடம் கேட்டால், "புது வாசனைங்க, ரெண்டு மாசத்துல போயிரும்" என்கிறார். நான்கு மாதம் ஆகப்போகிறது.

பலகைப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சல் வாயு வரும் என்று படித்து, அதை அளக்கிற மீட்டர் ஒன்றை இணையத்தில் 2,600 ரூபாய்க்கு வாங்கினேன். கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில், காலையில் படுக்கையறையில் 0.19, அலமாரிக்குள் 0.62, ஹாலில் 0.07 என்று காட்டுகிறது. ஆனால் மாமியார் சாம்பிராணி போட்டதும் ஹாலிலேயே 0.5 தாண்டிவிட்டது, அதனால் இதை எந்த அளவுக்கு நம்புவதென்று தெரியவில்லை. உறவினர்கள் வெங்காயத்தைப் பாதியாக அறுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். பாம்புச் செடி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். கணவர் 14,000 ரூபாயில் காற்றுச் சுத்திகரிப்பான் பார்த்து வைத்திருக்கிறார்.

கேட்க நினைப்பது இதுதான். பலகைதான் காரணமா? அப்பா வீட்டுப் பரணில் பழைய பச்சை எனாமல் பெயின்ட் அரை டப்பா இருக்கிறது. அதை அலமாரியின் உள்பக்கம் இரண்டு கை அடித்து மூடிவிடலாமா? இல்லை, மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுவிட வேண்டுமா? கடன் வாங்கிச் செய்த வேலை, அதனால்தான் தயங்குகிறேன்.

பதில்: உளிச்சத்தம், திருச்சி

அம்மா, நான் 27 வருடமாக மர வேலை செய்கிறவன். நீங்கள் சொல்கிற எரிச்சல் எனக்கு நன்றாகத் தெரியும். பூட்டிய அறையில் எம்டிஎஃப் அறுத்தால் மத்தியானத்துக்குள் கண் சிவந்துவிடும். முகத்தில் துணி கட்டினால் தூள் நிற்கும், அந்தக் காரம் நிற்காது.

ஒரு ஷீட் பிளைவுட் என்பது மெல்லிய மரத்தோல்களைப் பசை போட்டு அடுக்கி, சூடாக அழுத்தி எடுத்தது. பார்ட்டிகிள் போர்டு மரச் சிராய்களை அதே மாதிரி அழுத்தியது, எம்டிஎஃப் மர நாரை அழுத்தியது. விலை குறைந்த சரக்கில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. பிளைவுட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையில் 303 என்று போட்டு எம்.ஆர்., அதாவது ஈரம் ஓரளவு தாங்கும், என்று வருவது அந்த ரகம். 710 போட்டு வருகிற மரைன் பிளையில் இருப்பது பீனால் பசை. அறுத்த ஓரத்தில் பசைக்கோடு அடர்ந்த பழுப்பாக ஓடினால் பீனாலாக இருக்க வாய்ப்பு அதிகம். கோடே தெரியாமல் வெளுத்திருந்தால் யூரியா என்று நான் எடுத்துக்கொள்வேன். முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், போலி நிறையப் புழங்குகிறது. முத்திரைக்குப் பக்கத்தில் சி.எம்.எல். என்று ஓர் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கியது என்று காட்டும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

எங்கள் தொழிலில் செய்கிற தவறு ஒன்று உண்டு. சதுர அடிக்கு விலை பேசும்போது கண்ணுக்குத் தெரிகிற பக்கத்துக்குத்தான் மைக்கா. உள்பக்கம், தட்டின் அடிப்பக்கம், பின்பலகையின் சுவர்ப்பக்கம், பரணின் மேல்பக்கம் எல்லாம் வெறுமையாகவே நிற்கும். பலகையின் ஓரத்தில் ஒட்டுகிற எட்ஜ் பேண்ட் பட்டையும் முன் ஓரத்துக்கு மட்டும்தான், பின் ஓரத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. அறுத்த ஓரமும் கீலுக்குப் போட்ட குழியும்தான் ஷீட்டின் முகத்தை விட அதிகமாக வாசனை விடும். நானே பல வருடம் அப்படித்தான் செய்து கொடுத்தேன். கேட்டால் "யாருங்க உள்ளே பார்க்கப்போறாங்க" என்பேன். இப்போது நினைத்தால் மனசு கேட்கவில்லை.

பிடுங்க வேண்டாம், மூடினால் போதும். உள்பக்கத்துக்கென்றே மெல்லிய வெள்ளை மைக்கா வருகிறது, லைனர் என்று கேளுங்கள். அதை வெள்ளைப் பசை போட்டு ஒட்டச் சொல்லுங்கள். டின்னில் வருகிற மஞ்சள் ரப்பர் பசை சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்பதால் ஆட்கள் அதைத்தான் எடுப்பார்கள். அதிலிருக்கிற கரைப்பான் இன்னொரு தலைவலி, வேண்டாம். ஓரமெல்லாம் பேண்டிங், குழிகளுக்கு மூடி. லைனர் ஒட்ட முடியாத சந்துக்கு, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து அடிக்கிற பழைய பாலிஷ் இரண்டு கை. ஸ்பிரிட் ஒன்றிரண்டு நாளில் பறந்துவிடும், அரக்கு நின்று அடைக்கும். மெலமைன் பாலிஷ் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதிலும் இதே ஃபார்மால்டிஹைடுதான் வரும்.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் அலமாரியைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். பாப்பா எதன் மேல் படுக்கிறாள்?

வடவள்ளிக்காரி

அண்ணா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நேராக எழுந்துபோய் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். கட்டிலும் அலமாரி செய்தவர்தான் செய்தது, அடியில் சாமான் வைக்கிற பெட்டிக் கட்டில். மேல் பலகையில் காற்றுக்கென்று வட்ட வட்டமாகப் பன்னிரண்டு ஓட்டை. உள்ளே நான்கு பக்கமும் அடியும் வெறும் பார்ட்டிகிள் போர்டு, ஓட்டையின் ஓரங்களும் வெறுமைதான். குளிர்காலக் கம்பளி, பழைய பாடப்புத்தகம் எல்லாம் அதற்குள் இருந்தன. மீட்டரை உள்ளே வைத்துப் பத்து நிமிடம் மூடி எடுத்தால் 0.88. என் குழந்தை நான்கு மாதமாக அந்த ஓட்டைகளுக்கு மேல்தான் முகத்தை வைத்துத் தூங்கியிருக்கிறாள். இன்றைக்கு ஹாலில் பாய் விரித்துவிட்டேன்.

பதில்: பிசின் ஆய்வாளன்

சகோதரி, பாய் விரித்தது மிகச் சரி. கேரளாவின் பெரும்பாவூரில் ஒரு பிளைவுட் ஆலையின் பசை ஆய்வகத்தில் 11 வருடம் இருந்தேன், இப்போது சேலத்தில் இருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஃபார்மால்டிஹைடு அறை வெப்பத்திலேயே வாயு. யூரியாவோடு சேர்த்துப் பசை காய்ச்சும்போது கொஞ்சம் சேராமல் மிஞ்சும், அதுதான் முதல் சில வாரம் வருகிற கடும் நெடி. ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை. யூரியாப் பசையின் பிணைப்பு ஈரம் பட்டால் மெல்ல மெல்ல உடையும், உடையும்போதெல்லாம் மறுபடியும் வாயு வெளியேறும். அதனால்தான் மழை நாளிலும் புழுக்கத்திலும் போன வாசனை திரும்பி வருகிறது. பீனாலின் பிணைப்பு அப்படி எளிதில் உடையாது. "ரெண்டு மாசத்துல போயிரும்" என்று உங்களிடம் சொன்னது பெயின்ட்டுக்குப் பொருந்தலாம், யூரியாப் பசைப் பலகைக்குப் பொருந்தாது. மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் குறைந்துகொண்டே வரும். நம் மூக்கும் பழகிவிடும் என்பதால், வாசனை தெரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நீங்கள் வெளியூர் போய்த் திரும்பி வந்து கதவைத் திறக்கிற அந்த முதல் நிமிடத்தின் மூக்கை நம்புங்கள்.

மீட்டர் விஷயம். இந்த விலைக்கு வருகிற உணரிகள் ஆல்கஹால், சென்ட், சானிட்டைசர், சமையல் ஆவி எல்லாவற்றுக்கும் எகிறும். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹால் 0.07, படுக்கையறை 0.19, அலமாரி 0.62, கட்டில் பெட்டி 0.88. இந்த வரிசை பொய் சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்கு வைத்த வரம்பு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம், எந்த அரை மணி நேரச் சராசரியும் அதைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. சாம்பிராணிக்கு எகிறியதும் முழுக்கப் பொய்யல்ல, ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையிலும் ஃபார்மால்டிஹைடு உண்டு. கொசுவத்திச் சுருள் ஏற்றுகிற வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட்டுக்குச் சமம் வரை போனது. வலை கட்டுங்கள்.

பயப்பட எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் ஓடும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் வரும் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று முதல் பிரிவில் வைத்தது. அந்த முடிவு பெரும்பாலும் வேலையிடத்தில் பல வருடம் அதிக அளவில் சுவாசித்தவர்களை வைத்து வந்தது, என்னைப் போன்றவர்களும் அதில் அடக்கம். நான்கு மாதத்துக்காக அந்தப் பயத்தை நீங்கள் சுமக்க வேண்டாம். வீட்டில் உடனடியாகத் தெரிவது கண், மூக்கு, தொண்டை எரிச்சல், இருமல், தலைவலி. ஆஸ்துமா போக்கு உள்ள குழந்தைக்கு அது கூடலாம். அதனால் மருத்துவரிடம் மறுபடியும் போய், பொள்ளாச்சியில் நின்றதையும் வந்த இரண்டாம் நாள் திரும்பியதையும் தேதியோடு சொல்லுங்கள். மாத்திரைப் பெயரை விட அந்தத் தகவல் அவருக்கு உதவும். வீசிங் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அரசு டிரெய்லர் வீடுகள் கொடுத்தது. சின்ன இடம், சுற்றிலும் பசைப் பலகை, தெற்கு மாநிலத்து வெயில், ஜன்னலைச் சாத்தி ஏசி. மக்கள் கண்ணெரிச்சல், இருமல் என்று புகார் சொல்லிச் சொல்லி, கடைசியில் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் 519 டிரெய்லர்களில் அளந்தார்கள். சராசரி 77 பிபிபி, அதாவது நூறு கோடிப் பங்கு காற்றில் 77 பங்கு, ஏறக்குறைய மேலே சொன்ன 0.1 மில்லிகிராமுக்குப் பக்கம். சாதாரண வீடுகளில் அங்கே 10 முதல் 20 வரைதான். அதுவும் அளந்தது குளிர்காலத்தில், கோடையில் இன்னும் கூடியிருக்கும். ஜப்பான் கட்டடச் சட்டத்தையே திருத்தி, 2003 முதல் இத்தனை வாயு விடுகிற பலகையை இவ்வளவுதான் பயன்படுத்தலாம் என்று வரையறுத்ததோடு, வீட்டுக்கு இயந்திரக் காற்றோட்டத்தையும் கட்டாயமாக்கியது. நம் கடைகளில் இ-0, இ-1 என்று எழுதி வருவது இந்த வாயு அளவைத்தான் குறிக்கிறது. எண் குறைந்தால் வாயுவும் குறைவு. அடுத்த முறை பலகை வாங்கும்போது இ-0 அல்லது இ-1 மட்டும் கேளுங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

சுத்திகரிப்பான் வாங்க வேண்டாம். அதிலுள்ள ஹெபா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. கரி வடிகட்டியும் இவ்வளவு சின்ன மூலக்கூறை நன்றாகப் பிடிப்பதில்லை, சீக்கிரம் நிரம்பியும் விடும். வெங்காயத்தைச் சாம்பாருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். செடி அழகுக்கு இருக்கட்டும். 1989இல் நாசா செய்தது மூடிய சின்னப் பெட்டியில் செய்த சோதனை. பின்னாளில் அத்தகைய சோதனைகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டவர்கள், ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாக ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வேண்டும் என்றார்கள்.

உங்களிடம் அதைவிட நல்லது ஒன்று இப்போது இலவசமாக அடிக்கிறது, ஆடிக்காற்று. புழுதி வருகிறதென்று ஜன்னலைச் சாத்தியிருப்பீர்கள். திறந்துவிடுங்கள். எதிரெதிர் ஜன்னல் இரண்டையும், அலமாரிக் கதவையும், கட்டில் மூடியையும் சேர்த்துத் திறந்து, ஜன்னல் பக்கம் பார்த்து ஒரு மேசை விசிறி. பள்ளிக்கு அவள் போயிருக்கிற நேரம் முழுக்க ஓடட்டும். சாதாரண ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, இருக்கிறதையே சுழற்றும். இரவில் ஏசி போட்டாலும் ஒரு ஜன்னல் இரண்டு விரற்கடை திறந்திருக்க வேண்டும். சீருடையை எவர்சில்வர் பெட்டியிலோ கொடியிலோ வையுங்கள், துணி வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

பதில்: மதுரைத்தாய்

அந்தப் பச்சை பெயின்ட்டைத் தொடாதீர்கள் அக்கா. இதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் பையனுக்கு இரண்டு வயதிருக்கும்போது மாமனார் வீட்டில் இருந்தோம். ஜன்னல் கம்பியெல்லாம் பச்சை எனாமல். அதில் உரிந்து தொங்குகிற சில்லுகளை அவன் பிய்த்து வாயில் போடுவான். தீபாவளிக்கு முன்னால் அந்தக் கம்பிகளை உப்புத்தாளால் தேய்த்துப் புது வண்ணம் அடித்தார்கள். வீடு முழுக்கப் பச்சைத் தூள். தரையிலேயே விளையாடுகிற பிள்ளை அவன். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை, வயிற்று வலி, ரத்தசோகை என்று அலைந்து, ஒரு மருத்துவர் சொல்லி ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்த்தோம். டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம். 5 வந்தாலே காரணத்தைத் தேடி நீக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றே கிடையாது.

பழைய மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் ஈயக் குரோமேட் நிறமி போடுவது வழக்கமாக இருந்தது. இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் அப்பாவின் டப்பா எந்த வருடத்தது? அதை மூடியபடியே வைத்துவிடுங்கள், அதைக் குழந்தையின் துணி வைக்கிற அலமாரிக்குள் கொண்டுவர வேண்டாம். பொள்ளாச்சி வீட்டு ஜன்னலில் அதே பெயின்ட் அடித்திருந்தால் உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். ஈரம் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், அந்த நாளில் பிள்ளைகள் வேறு வீட்டில் இருக்கட்டும்.

என் மகனுக்கு இப்போது பத்து வயது. நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் கணக்கில் தடுமாறினால், இது அதுவாக இருக்குமோ என்று எனக்கு ஒரு நொடி நெஞ்சு அடைக்கும்.

வடவள்ளிக்காரி

புரட்டாசி பிறந்துவிட்டது. என்ன நடந்தது என்று சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். அந்த டப்பா என் கல்யாணத்துக்கு வாசல் கேட் அடிக்க 2009இல் வாங்கியதாம். பரணிலேயே இருக்கிறது. அம்மா வீட்டு ஜன்னல்கள் சுண்ணாம்பும் மரமுமாகத்தான் இருக்கின்றன, பச்சை கேட்டில் மட்டும்தான்.

முதல் வேலையாகக் கட்டிலை அப்படியே மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டோம். ஐந்து வாரமாக ஹாலில் பாய்தான். ஜன்னல் திறந்தே கிடந்ததால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை தரை துடைத்தேன், முறம் நிறையப் புழுதி வந்தது. பத்தாவது நாள் வாக்கில் இரவு இருமல் அடங்கியது. மருத்துவரிடம் தேதி எழுதின தாளைக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, லேசான வீசிங் இருக்கிறது என்று சொல்லி ஒரு இன்ஹேலர் கொடுத்தார். இதுவரை மூன்று தடவைதான் தேவைப்பட்டது.

வேலை செய்தவரைத் திரும்பக் கூப்பிட்டபோது முதலில் முகம் சுளித்தார். மாடிக்குக் கூட்டிப்போய் அவர் கையாலேயே கட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னேன், தலையைக் குனிந்தவர் சட்டென்று பின்னால் வந்துவிட்டார். "இப்படி இருக்கும்னு தெரியாதுங்க" என்றார். அதற்கப்புறம் கூலியில் பாதிதான் வாங்கினார். லைனர் 19 ஷீட், வெள்ளைப் பசை, ஓரமெல்லாம் பேண்டிங். திருச்சி அண்ணன் சொன்ன அரக்குப் பாலிஷை, தேடிப் பிடித்து அரக்கு வாங்கி அவரே கரைத்து, பின்பலகைச் சந்துகளுக்கு அடித்துக் கொடுத்தார். மூன்று நாள் நாங்கள் பொள்ளாச்சியில் இருந்தோம்.

நேற்றுக் காலை ஒரு ஜன்னலைக் கொஞ்சம் மட்டும் திறந்துவைத்திருந்த படுக்கையறையில் மீட்டர் 0.06. அலமாரிக்குள் 0.15. கட்டில் இன்னும் கீழே வரவில்லை, அதற்குப் பதில் கயிற்றுக் கட்டில் ஒன்று வாங்கிவிட்டோம், அவளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. சீருடையை முகத்தில் வைத்துப் பார்த்தேன், சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது.

எங்கள் வீட்டுப் பரணின் மேல்பக்கம் மட்டும் பாக்கி. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் முழுக்க வெறும் பலகை. ஞாயிற்றுக்கிழமை வந்து முடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.